கிறிஸ்தோப்பர் மறித்த பந்துகள்

பாலையடிக்குள வேலைத்தள விளையாட்டுக் கழகத்தின் புள்ளிப் புத்தகத்தில் கிறிஸ்தோப்பரின் பெயருக்கு நேரே மூன்று எண்கள் இருக்கின்றன. போட்ட புள்ளி ஐம்பத்தெட்டு. விதி மீறிச் செய்த பவுல் நூற்று முப்பத்தொன்பது. ஆடிய ஆட்டம் நாற்பத்தொன்று. நான்காவது நிரல் அந்தப் புத்தகத்தில் இல்லை. மறித்த பந்துக்கு ஒரு நிரல் கீற ஓர் அடிமட்டமும் ஒரு நிமிடமும் போதும். மூன்று வருடத்தில் அந்த ஒரு நிமிடம் எவருக்கும் கிடைக்கவில்லை.

அவர் 1926இல் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். உயரம் ஆறடி மூன்று அங்குலம். நின்றபடி கையைத் தூக்கினால் விரல்நுனி எட்டடி இரண்டு அங்குலத்தில் நிற்கும். கூடைப்பந்து வளையம் பத்தடியில் இருக்கிறது. இந்த மூன்று அளவுகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் அவரைப் பற்றிப் பாதி விளங்கிவிடும்.

கரையில் அந்த உயரம் பகிடிக்குத்தான் உதவியது. "கிறிஸ்தோப்பர், மேலை மழை துவங்கிட்டுதோ எண்டு பாத்துச் சொல்லு" என்பார்கள். ஆனால் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாருக்கு அந்த உயரத்தின் பயன் தெரிந்திருந்தது. வலை கரையை நெருங்கும்போது மீன் அடைபட்டதை உணர்ந்துகொள்ளும். வலையின் ஓரத்துக்கும் மணலுக்கும் இடையில் ஒரு திறப்பு இருக்கும். கூட்டம் அதை நோக்கித் திரும்பும். அந்தத் திறப்பில், நெஞ்சளவு தண்ணீரில், கிறிஸ்தோப்பரைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

அவர் மீனைத் துரத்துவதில்லை. துரத்தினால் மற்றப் பக்கத்தால் போய்விடும். இரண்டு கைகளையும் விரித்து, தண்ணீரை அடித்தபடி, நின்ற இடத்தில் நிற்பார். அந்த நிழலைக் கண்டு மீன் திரும்பி வலையின் மடிக்குள் போகும். அவர் கயிற்றில் கை வைத்ததில்லை. ஒரு மீனையும் பிடித்ததில்லை. ஆனாலும் மணலில் பங்கு பிரிக்கும்போது கயிறு இழுத்தவனுக்கு எவ்வளவோ அவருக்கும் அவ்வளவு. எத்தனை மீனைத் திருப்பினாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. திறப்பில் நிற்பவன் தான் திருப்பியதை எண்ணிச் சொன்னால் அடுத்த நாள் கூட்டம் வலையைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. பதினாறு வயதிலிருந்து அவர் திறப்பில் நின்றவர். ஒரு நாளும் எண்ணியதில்லை.

கோயிலுக்குப் பின்னால் பங்குச் சுவாமியார் ஒரு கூடைப்பந்துத் திடல் போட்டிருந்தார். கிறிஸ்தோப்பர் அங்கேயும் போய் வளையத்துக்குக் கீழே நின்றார். வேறெங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. 1959 திருநாளுக்கு வைத்த ஆட்டத்தைப் பார்க்க பாலையடிக்குளத்திலிருந்து யோகலிங்கம் என்ற, வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் வந்திருந்தார். முரசுமோட்டைக்குத் தெற்கே குளக்கட்டு உயர்த்தும் வேலை அது. அந்த வேலைத்தளத்துக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. அதற்குத் தலைவரும் அவரே. அந்தக் காலத்தில் அரசாங்கத் திணைக்களங்கள் ஆட்டக்காரனைத் தேடிப்பிடித்து வேலைக்கு எடுத்தன. பகலில் மண் சுமப்பான், பின்னேரம் பந்து அடிப்பான். சம்பளம் மண்ணுக்கு என்று எழுதப்பட்டிருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் யோகலிங்கம் கிறிஸ்தோப்பரைத் தேடி வந்தார்.

"நீர் ஏன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடேல்லை?"

"ஏன் ஓட வேணும், ஐயா? அது கடைசியிலை இஞ்சதானே வரும்."

யோகலிங்கம் சிரித்தார். அன்று பின்னேரமே கிறிஸ்தோப்பரின் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து விஷயத்தைச் சொன்னார். மூன்று வருடம் அணிக்கு விளையாட வேண்டும். அதற்குப் பிறகு வேலை நிரந்தரம். கல்வீடு கிடைக்கும், ஓய்வூதியம் கிடைக்கும், கண்ணை மூடினாலும் பெண்சாதி பிள்ளைகள் தெருவுக்கு வரமாட்டார்கள். கிறிஸ்தோப்பரின் மனைவி சூசையம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எழுத்திலையோ, வாயிலையோ?"

"வாயிலைதான், தங்கச்சி. ஆனா ஓவசியற்றை வாய்."

"வாய் எல்லாருக்கும் இருக்கு" என்றாள் சூசையம்மா.

ஆனாலும் போனார்கள். இரண்டு பிள்ளைகள், ஒரு பெட்டி, ஒரு தையல் மெசின். குளக்கட்டுக்குக் கீழே ஒரு தகரக் கொட்டில் கொடுத்தார்கள். திடல் புற்றுமண் போட்டு வேலைத்தளத்து உருளையால் இறுக்கியது. பலகை பாலை மரத்தில் அறுத்தது. வளையத்தை வேலைத்தளத்துக் கொல்லன் அரை அங்குலக் கம்பியில் வளைத்திருந்தான். வட்டம் சரியாக இருந்தது.

கிறிஸ்தோப்பர் எப்படி விளையாடினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் புத்தகம் சொல்வதே உண்மையாகிவிடும். அவர் பாய்வதில்லை. பாய்ந்தவன் காலில் வந்து நிற்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்பார். வளையத்திலிருந்து ஐந்தடிக்குள் நின்று, கையைத் தூக்கி வைத்திருப்பார். எதிராளியின் பந்தைப் பார்ப்பதில்லை, இடுப்பைப் பார்ப்பார். பந்து ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. உள்ளே வருகிறவன் முதல் இரண்டு தடவை போட்டுப் பார்ப்பான். பந்து அந்தக் கையில் பட்டு விழும். மூன்றாம் தடவை கையைச் சுற்றிப் போடப் பார்ப்பான், பலகையில் பட்டுத் திரும்பும். நான்காம் தடவை வரவே மாட்டான். தூரத்தில் நின்று எறிவான், பத்தில் எட்டுத் தவறும். கிறிஸ்தோப்பர் கையால் மறித்த பந்துகளை விட, எதிராளி போட நினைத்து விட்டுவிட்ட பந்துகள் அதிகம். நடக்காத ஒன்றை எந்த நிரலில் எழுதுவது என்று கேட்கலாம். நடந்ததையே எழுதாதவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை இல்லாதவர்கள்.

வவுனியாத் தெருவேலை அணியில் நடராசா என்று ஒரு வேகமான ஆட்டக்காரன் இருந்தான். 1960இல் முதல் தடவை பாலையடிக்குளத்துக்கு விளையாட வந்தபோது மூன்று தரம் உள்ளே வந்து மூன்று தரமும் வெறுங்கையோடு திரும்பினான். நான்காம் தரம் கிறிஸ்தோப்பருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான்.

"அண்ணை, கொஞ்சம் விலகுங்கோ. வீட்டை போக வேணும்."

"உன்ரை வீடு அந்தப் பக்கம், தம்பி."

குளக்கட்டில் இருந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள். நடராசாவும் சிரித்தான். பிறகு அவன் உள்ளே வரவில்லை. ஆட்டம் முப்பத்தொன்றுக்குப் பத்தொன்பது. நடராசா போட்டது நான்கு. அடுத்த நாள் எல்லோரும் கந்தோருக்குப் போய்த் தில்லைநாதனின் கையைக் குலுக்கினார்கள். தில்லைநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கந்தோரில் எழுத்து வேலை பார்த்த இலிகிதர், அழகாக எறிவார், அன்று பதினேழு புள்ளி போட்டவர். புள்ளிப் புத்தகத்தை எழுதியவரும் அவரே. கிறிஸ்தோப்பர் அன்று வாய்க்காலில் மண் அள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. பங்கு பிரிக்கும் நாள் இன்னும் வரவில்லை என்று நினைத்தார்.

பவுல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அணியில் இளையதம்பி என்று ஒருவர் இருந்தார். பந்து கையில் இருந்தால் கெட்டிக்காரர். கையில் இல்லாவிட்டால் இடுப்பில் கை வைத்து நிற்பார். அவர் காக்கவேண்டிய ஆள் அவரைக் கடந்து நேரே வளையத்துக்கு வருவான். அந்த ஆளையும் கிறிஸ்தோப்பர்தான் பாய்ந்து மறிக்கவேண்டும். பாயாத மனிதன் பாய்ந்தது அதற்கு மட்டும்தான். மத்தியஸ்தர் விசில் ஊதுவார், பவுல் கிறிஸ்தோப்பரின் பெயரில் விழும். அந்த நூற்று முப்பத்தொன்பதில் குறைந்தது பாதி இளையதம்பி விட்ட ஆட்கள். ஐந்து பவுலோடு வெளியேறிய ஆட்டங்களில் அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பார். ஒரு நாளும் இளையதம்பியை ஏசியதில்லை.

1962 மாசியில் அறிவித்தல் ஒட்டினார்கள். விளையாட்டுக்காரருக்கு இரண்டு நிரந்தர இடம். அதற்கு ஒரு மாதம் முன்பு பரமலிங்கம் என்ற புதிய பொறியியலாளர் வந்திருந்தார். அவர் நேர்மையானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். சிபாரிசு எடுக்கமாட்டார், வாய்ச்சொல்லை ஏற்கமாட்டார், எழுத்தில் இருப்பதை மட்டும் பார்ப்பார். யோகலிங்கம் தான் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொல்லப் போனபோது, "ஓவசியர், புத்தகத்தைக் கொண்டுவாரும்" என்று மட்டும் சொன்னாராம். புத்தகம் போனது.

கிறிஸ்தோப்பர் வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு நேர்முகத்துக்குப் போனார். கந்தோர்க் கதவில் குனிந்து நுழைந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் பொறியியலாளர். பக்கத்து மேசையில், பதில்களைக் குறித்துக்கொள்ள, தில்லைநாதன்.

"மூண்டு வருசத்திலை ஐம்பத்தெட்டுப் புள்ளி. சரியோ?"

"சரியா இருக்கும், ஐயா."

"இளையதம்பி இருநூற்றுப் பன்னிரண்டு. நீர் அப்ப என்ன செய்தனீர்?"

"நிண்டனான், ஐயா."

"நிண்டனீரோ?"

"ஓம் ஐயா. வளையத்துக்குக் கீழை."

பரமலிங்கம் பேனையை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. அதை மறைக்கத் தேவையில்லை.

"சரி, மறிச்சு நிண்டனீர். ஒரு ஆட்டத்துக்கு எத்தினை பந்து மறிச்சிருப்பீர்?"

கிறிஸ்தோப்பர் தன் கால்களைப் பார்த்தார். ஒரு எண் போதும். பத்து என்று சொல்லியிருக்கலாம். அது குறைத்துச் சொன்ன எண்ணாகவே இருந்திருக்கும்.

"அதை எண்ணிறேல்லை, ஐயா."

"ஒரு மட்டுக்கெண்டாலும் சொல்லும்."

"எண்ணக்கூடாது, ஐயா."

"இந்தப் பவுல் நூற்று முப்பத்தொன்பதும்?"

"அது என்ரைதான்."

தில்லைநாதன் பேனையைப் பிடித்தபடி இருந்தார். மூன்று வருடம் அந்தப் புத்தகத்தை எழுதியவர். எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு வரும்போது தன்னால் ஏன் நடந்தே திரும்பி வர முடிந்தது என்பது அவருக்குத் தெரியும். வாயைத் திறந்திருந்தால் அரை நிமிடம் செலவாகியிருக்கும். அவர் கிறிஸ்தோப்பரின் பதிலை அழகான கையெழுத்தில் எழுதினார். "மறித்த பந்துகள்: தெரியாது."

இரண்டு இடங்களில் ஒன்று இளையதம்பிக்குப் போனது. மற்றது சின்னராசா என்ற இன்னொரு எறிகாரருக்கு.

சூசையம்மா அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எண்ணக்கூடாதெண்டு ஆர் சொன்னது?"

"உனக்குத் தெரியாதோ? திறப்பிலை நிக்கிறவன்..."

"அது கடல். இது குளம். கடலிலை நிண்டவையெல்லாம் உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவை. இஞ்ச ஆர் பாத்தது? புத்தகம் பாத்தது. புத்தகத்துக்குக் கண் இருக்கோ?"

"தில்லைநாதனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சவர் ஏன் சொல்லேல்லை?"

கிறிஸ்தோப்பர் வெள்ளைச் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் அவள் யோகலிங்கத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "உங்கடை வாய் எங்கை?" என்று மட்டும் கேட்டாள். யோகலிங்கம் கெட்ட மனிதர் அல்லர். புள்ளிப் புத்தகத்தை வாங்கி, மூன்று நாள் மதிய இடைவேளைகளில் ஒரு கணக்குப் போட்டார். மூன்று வருடத்தில் அணி ஆடியது நாற்பத்தெட்டு ஆட்டம். அதில் ஏழில் கிறிஸ்தோப்பர் இல்லை. மாரியில் கட்டுக் காவலுக்கு விட்டிருந்தார்கள். அவர் நின்ற நாற்பத்தொரு ஆட்டத்தில் எதிரணிகள் போட்டது ஆட்டத்துக்கு இருபத்தாறு புள்ளி. அவர் நில்லாத ஏழில் ஆட்டத்துக்கு நாற்பத்தேழு. வித்தியாசம் இருபத்தொன்று. தில்லைநாதனின் சராசரி பதினான்கு.

தாளை எடுத்துக்கொண்டு பொறியியலாளரிடம் போனார். பரமலிங்கம் இரண்டு தரம் வாசித்தார்.

"இது அணியின்ரை கணக்கு, ஓவசியர். ஆளின்ரை கணக்கில்லை."

இந்தப் பதிலைச் சொன்னவர் ஒரு பொறியியலாளர். பாலத்தில் ஐந்து தூண் நிற்கிறது. ஒன்றை எடுக்கிறோம், தளம் இருபத்தொரு அங்குலம் இறங்குகிறது. திரும்ப வைக்கிறோம், ஏறுகிறது. அந்தத் தூண் என்ன சுமந்தது என்று கேட்டால், அது பாலத்தின் கணக்கு, தூணின் கணக்கில்லை என்று அவர் பரீட்சையில் எழுதியிருப்பாரா? எழுதியிருந்தால் அந்தக் கதிரையில் இருந்திருக்கமாட்டார். அதே நால்வர், அதே எதிரணிகள். மாறியது ஒருவர். கல்லுக்கும் கம்பிக்கும் அவர் செய்த நியாயத்தை ஒரு மனிதனுக்குச் செய்யவில்லை.

அதோடு நிற்கவுமில்லை. நிரந்தரமானவர்கள் இருக்கும்போது தற்காலிகக்காரனை இறுதி ஆட்டத்துக்கு அனுப்புவது முறையில்லை என்று ஒரு குறிப்பு எழுதினார். சித்திரையில் வவுனியாவில் திணைக்களக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம். எதிரணி அதே தெருவேலைக்காரர். வளையத்துக்குக் கீழே சின்னராசாவை நிறுத்தினார்கள். கிறிஸ்தோப்பர் லொறியில் தண்ணீர்க் குடத்தோடு போனார்.

முதல் தடவை பந்தோடு உள்ளே வந்த நடராசா பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான். பிறகு வளையத்தடியை ஒருமுறை பார்த்தான். அதன் பிறகு குறைக்கவில்லை. சின்னராசா ஒவ்வொரு தடவையும் பாய்ந்தார். அவர் மேலே போய்க் கீழே வருவதற்குள் பந்து உள்ளே விழுந்திருந்தது. அரை நேரத்தில் நடராசா குடத்தடிக்கு வந்து கையை ஏந்தினான்.

"அண்ணை, இஞ்ச ஏன் நிக்கிறியள்?"

"தண்ணி வார்க்க."

"உள்ளுக்கு ஆர் நிக்கிறது?"

"நிரந்தரக்காரர் நிக்கினம்."

நடராசா குடித்து முடித்து வாயைத் துடைத்தான். "நீங்கள் நிண்டிருந்தா நான் இண்டைக்கு ஆறு புள்ளியோடை வீட்டை போயிருப்பன்" என்றான். எதிரணிக்காரனுக்குத் தெரிந்திருந்தது. கோட்டோரத்துக் கதிரையில் இருந்த பொறியியலாளருக்கு அது கேட்கும் தூரம்தான். ஆட்டம் ஐம்பத்து நான்குக்கு முப்பத்து மூன்று. நடராசா இருபத்தெட்டு. தில்லைநாதன் அன்றும் பதினாறு போட்டார். அடுத்த நாள் அவருடைய கையைக் குலுக்க எவரும் போகவில்லை.

தோல்விக்குப் பிறகாவது விளங்கியிருக்கும் என்று நினைக்கலாம். விளங்கியது. அதுதான் எல்லாவற்றிலும் பொறுக்க முடியாதது. வளையத்துக்குக் கீழே ஓர் உயரமான ஆள் நிற்கவேண்டும் என்பது பரமலிங்கத்துக்கு நன்றாக விளங்கியது. மேலிடத்துக்கு எழுதி இன்னொரு நிரந்தர இடம் வாங்கினார். அந்த இடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அப்புத்துரை என்று ஒருவரை எடுத்தார். ஆறடி ஓர் அங்குலம். கல்லூரி அணியில் விளையாடியவர், கையில் அத்தாட்சிப் பத்திரம் இருந்தது. கிறிஸ்தோப்பரை ஏன் எடுக்கவில்லை என்று யோகலிங்கம் கேட்டதற்கு, "அவற்றை விஷயம் மாசியிலை தீர்ந்துபோச்சு" என்று பதில் வந்தது.

ஆனி மாதம் ஒரு பின்னேரம் யோகலிங்கம் சைக்கிளில் கொட்டிலடிக்கு வந்தார். வந்த விஷயத்தைச் சொல்ல அவருக்கு வெகு நேரம் எடுத்தது. மழை, கட்டு, பிள்ளைகளின் படிப்பு என்று கதைத்தார். சூசையம்மா தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "வந்ததைச் சொல்லுங்கோ" என்றாள்.

"அப்புத்துரைக்கு நிக்கத் தெரியேல்லை. பாயிறார். நீர் ஒரு கிழமை வந்து எங்கை நிக்கிறது, எப்பிடிக் கை வைக்கிறது எண்டு காட்டிவிட்டா நல்லம் எண்டு ஐயா சொல்லுறார்."

கிறிஸ்தோப்பர் மனதில் இருந்ததைச் சொல்லாமல் விட்டுப் பழகியவர். அன்று சொன்னார்.

"அவர் நிரந்தரம், ஐயா. நான் தற்காலிகம். தற்காலிகம் போய் நிரந்தரத்துக்கு என்னத்தைக் காட்டுறது?"

"என்னிலை கோவமோ?"

"உங்களிலை இல்லை. நீங்கள் தாளிலை எழுதிக் கொண்டுபோனனீங்கள். அதை நான் மறக்கமாட்டன்."

"ஒரு கிழமைதான், கிறிஸ்தோப்பர். வாற வருசம் இன்னொரு இடம் வரும் எண்டு..."

"ஐயாவை எழுதித் தரச்சொல்லுங்கோ. இடம் வந்தா எனக்கெண்டு. நாளைக்கே வாறன்."

யோகலிங்கம் தலை குனிந்தார். எழுதித் தரமாட்டார்கள் என்பது மூவருக்கும் தெரியும். எழுத்தில் இருப்பதை மட்டுமே பார்க்கும் மனிதர் தன் கையால் ஒரு வரி எழுதத் தயாரில்லை. சைக்கிள் கட்டின் மேல் ஏறி மறையும்வரை கிறிஸ்தோப்பர் வாசலில் நின்றார். அதன் பிறகு அவர் எந்தத் திடலிலும் நிற்கவில்லை. பாலையடிக்குளமும் அதன் பிறகு ஒரு கிண்ணமும் வெல்லவில்லை. அப்புத்துரை கடைசிவரை பாய்ந்துகொண்டே இருந்தார்.

கரைக்குத் திரும்பிப் போகலாம் என்று சூசையம்மா இரண்டு தரம் சொன்னாள். பிள்ளைகள் கிளிநொச்சியில் படிக்கிறார்கள், அது முடியட்டும் என்றார். மூத்தது தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகும்வரை, இளையது பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை மண் சுமந்தார், குளத்துத் தண்ணீர் விடத் துருசு திறந்தார், வெள்ளத்தில் கட்டுக் காத்தார். ஒவ்வொரு ஆறு மாதமும் அவருடைய வேலையை இன்னொரு ஆறு மாதத்துக்கு நீடித்தார்கள். அப்படி ஒன்பது வருடம். 1968 ஐப்பசியில் குளக்கட்டில் ஓர் உடைப்பை அடைக்க மண்மூடை தூக்கிக்கொண்டிருந்தவர் மூடையை இறக்கிவைத்துவிட்டு அதன்மேல் இருந்தார். பிறகு எழும்பவில்லை. வயது நாற்பத்திரண்டு.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. இறந்தவர் தற்காலிக ஊழியர் என்பதால் குடும்பத்துக்கு உரித்துப் பணம் எதுவும் இல்லை. கொட்டிலைப் பதினான்கு நாளில் ஒப்படைக்கவேண்டும். அனுதாபம் கடைசி வரியில் இருந்தது.

மரணத்தைப் பதியப் போனபோது பதிவாளர் தொழில் என்ற இடத்தில் எழுதியதைச் சூசையம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்.

"தற்காலிகத் தொழிலாளி. இதிலை ஒப்பம் வையுங்கோ, அம்மா."

"அந்த முதல் சொல்லு வேண்டாம்."

"கந்தோர்க் கடிதத்திலை அப்பிடித்தானே கிடக்கு."

"ஒன்பது வருசம் வேலை செய்தவர். அதிலை எந்த நாள் தற்காலிகம் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. அந்த நாளுக்கு மட்டும் எழுதுங்கோ."

"அது முறையில்லை, அம்மா."

"அப்ப நான் ஒப்பம் வைக்கேல்லை."

அவள் சுவரோரமாகக் கிடந்த வாங்கில் போய் இருந்தாள். பத்து மணிக்கு இருந்தவள். பிறப்புப் பதிய வந்தவர்கள் பதிந்துகொண்டு போனார்கள். பதிவாளர் சாப்பிட்டு வந்தார். ஒரு முறை, "பஸ் போயிடும், அம்மா" என்றார். "போகட்டும்" என்றாள். மூன்றேகால் மணிக்கு அவர் பேனையை எடுத்து முதல் சொல்லின் மேல் ஒரு கோடு கீறி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். சூசையம்மா எழும்பி வந்து, அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

அந்தக் கோட்டால் கொட்டிலுக்குக் கொடுத்த தவணையில் ஒரு நாள்கூட அதிகமாகவில்லை. பதினான்காம் நாள் காலையில் தையல் மெசினை லொறியில் ஏற்றினார்கள்.